பேப்பர் வந்தாச்சா? – வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, "நான் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பிரிப்பேன்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மாமியார் சண்டை, மாடித்தோட்டம், சொத்துத் தகராறு எல்லாம் அடுத்த இதழுக்குப் போகட்டும். இந்த முறை முழுக்கப் பேப்பர்தான்.

கடைசிப் பக்கத்திலிருந்து ஏன் மேடம்? அவ்வளவு பெரிய கிரிக்கெட் ரசிகையா நீங்கள்?
– கல்லூரி மாணவி, குரோம்பேட்டை

கிரிக்கெட்டுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அச்சகத்தில் புரூஃப் பார்த்தே, அதாவது அச்சுப் பிழை திருத்தியே தலை நரைத்தவள் நான். மற்றவர்கள் படிக்காமல் தாண்டுகிற இடத்தில்தான் என் கண் முதலில் நிற்கும்.

கையில் இருக்கிற பேப்பரின் கடைசிப் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் அடியில் பாருங்கள். சில பேப்பர்களில் உள்பக்கத்தில் இருக்கும். பொடி எழுத்தில் ஒன்றிரண்டு வரி: அச்சிடுபவர் இன்னார், வெளியிடுபவர் இன்னார், அச்சான இடம் இன்ன முகவரி, ஆசிரியர் இன்னார். 1867-ம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தால் வந்த வரி அது. அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு 2023-ல் புதுச் சட்டம் கொண்டு வந்தார்கள். பொடி வரி அப்படியேதான் இருக்கிறது. சில பேப்பர்களில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். செய்திகளைத் தேர்ந்தெடுத்ததற்கு இவரே பொறுப்பு என்று அதற்கு அர்த்தம்.

தப்பாக எழுதினால் யார் மேல் கேஸ் போடலாம், எந்த விலாசத்துக்கு நோட்டீஸ் அனுப்பலாம் என்பதைத் தானே அச்சடித்துக் காலையில் வாசலில் கொண்டு வந்து போடுகிற சாமான் வேறு எது இருக்கிறது, சொல்லுங்கள்? எனக்குச் செய்தி சொல்ல வருகிற எவரிடமும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பெயர், விலாசம் உண்டா? உண்டென்றால் உட்காருங்கள், பேசலாம்.

வீட்டில் எந்தெந்தப் பேப்பர் வாங்குகிறீர்கள்? ஒன்று போதாதா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மேற்கு மாம்பலம்

வீட்டுக்கு வருவது இரண்டு, தினத்தந்தியும் ஆங்கில இந்துவும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பால் வாங்கப் போகும்போது தினமணி. சாயங்காலம் பஸ் வர லேட்டானால் மாலைமலர். வார இறுதியில் வாசலில் இலவசமாக வந்து விழுகிற மயிலாப்பூர் டைம்ஸைத் தோழி வீட்டுக்குப் போனால் புரட்டுவேன். எந்தத் தெருவில் சாக்கடை பொங்குகிறது என்று அதில் வருவது மாதிரி பெரிய பேப்பரில் வராது.

ஒன்று போதுமா என்று கேட்கிறீர்கள். நான் குடியிருப்பது திருவல்லிக்கேணி. இந்த ஊர்க்காரிக்கு ஒரு பேப்பர் போதவே போதாது. 1878-ல், இந்தியரான முத்துசுவாமி ஐயரை உயர் நீதிமன்ற நீதிபதியாகப் போட்டதை இங்கிருந்த ஆங்கிலேயர் பத்திரிகைகள் தாக்கி எழுதின. அதற்குப் பதில் சொல்ல நமக்கென்று ஒரு பத்திரிகை வேண்டும் என்று திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்து இளைஞர்கள் ஆறு பேர் தொடங்கியதுதான் இந்து. அந்த ஆறு பேரில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயரே, இங்கிலீஷ் தெரியாதவனுக்கு யார் சொல்வது என்று யோசித்தாரோ என்னவோ, 1882-ல் சுதேசமித்திரனையும் தொடங்கினார். 1904-ல் பாரதி வேலைக்குச் சேர்ந்தது அந்தச் சுதேசமித்திரனில்தான். ஆக ஒருவரே இரண்டு பாஷையில் இரண்டு பத்திரிகை நடத்த வேண்டியிருந்த ஊர் இது.

இன்றைக்கும் அந்தத் தேவை தீர்ந்தபாடில்லை. மெட்ரோ வேலைக்காக ஒரு ரோட்டை அடைக்கிறார்கள் என்று வையுங்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை பாதை போடுகிறார்களே, அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இது தினப்படி கதை. ஆங்கிலப் பேப்பரில் அழகாக ஒரு வரைபடம் இருக்கும், அம்புக்குறியோடு. எவ்வளவு செலவு, எப்போது முடியும் என்று அதிகாரி சொன்னதும் இருக்கும். தமிழ்ப் பேப்பரில் எந்த நம்பர் பஸ் எந்தப் பக்கம் சுற்றிப் போகும், எந்த ஸ்டாப்பில் நிற்காது, கடைக்காரர்கள் என்ன புலம்புகிறார்கள் என்று இருக்கும். கார் வைத்திருப்பவருக்கு ஒன்று, பஸ்ஸில் போகிறவருக்கு இன்னொன்று. எனக்கு இரண்டும் வேண்டும், ஏனென்றால் என் மகனிடம் கார் இருக்கிறது, என்னிடம் பஸ் பாஸ் இருக்கிறது.

அப்புறம், நான் தலைப்புச் செய்தியை விடக் கவனமாகப் படிப்பது பொடிச் செய்திகளைத்தான். பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை மின்தடை, கீழ்க்கண்ட பகுதிகள் என்று ஒரு பட்டியல் வருமே, அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் இட்லி மாவு எப்போது அரைப்பது என்றே முடிவாகும். அதற்கடுத்தது வக்கீல் நோட்டீஸ். "எங்கள் கட்சிக்காரர் கீழ்க்கண்ட சொத்தை வாங்க இருக்கிறார், ஆட்சேபணை உள்ளவர்கள் இத்தனை நாளுக்குள் தெரிவிக்கவும்" என்று சர்வே நம்பரோடு வரும். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர், தன் அண்ணன் தன்னிடம் சொல்லாமலேயே பூர்வீக வீட்டை விற்கப் போவதை இப்படித்தான் கண்டுபிடித்தார். வடாம் காயப் போட விரித்த பேப்பரில்! தேதி பார்த்தால் இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. பாட்டி அன்றைக்கே ஆட்டோ பிடித்துவிட்டார். வடாம் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

டிவியில் நொடிக்கு நொடி செய்தி வருகிறது. மறுநாள் காலையில் வரும் பேப்பரில் படிக்க என்ன இருக்கிறது அம்மா?
– கேபிள் ஆபரேட்டர், கொருக்குப்பேட்டை

தொழில் பாசம் புரிகிறது தம்பி.

டிவி சீக்கிரம் சொல்கிறது, சரி. ஒரு கட்டடம் இடிந்தது என்றால் ஐந்தாவது நிமிஷம் காட்டிவிடுகிறார்கள். ஆனால் அடுத்த மூன்று மணி நேரமும் அந்த ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப ஓடும், அடியில் எழுத்து மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ஐந்து பேர் என்பார்கள், எட்டு என்பார்கள், மறுபடி ஆறு என்பார்கள். காலைப் பேப்பர்க்காரருக்கு ராத்திரி வரைக்கும் அவகாசம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கேட்டு, போலீஸில் கேட்டு, ஒரு எண்ணிக்கைக்கு வந்து நிற்பார். எனக்கு அந்த ஒரு எண் போதும். விவாத நிகழ்ச்சி பார்ப்பதில்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவதைக் கேட்க எங்கள் வீட்டுக் கூடமே போதும்.

வேகம்தான் வேண்டுமென்றால் என் ஓட்டு ரேடியோவுக்கு. காலை ஏழே கால் டெல்லிச் செய்தியில் "ஆகாஷ்வாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்று கேட்டால் எங்கள் அப்பா ஷேவிங்கை நிறுத்திவிடுவார். அந்தக் குரலில் ஒரு பிசிறு இருக்காது. ராத்திரி ஒன்பதே கால் மணிக்கு பிபிசி தமிழோசை, சிற்றலையில் கொரகொரவென்று. இலங்கையில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் அன்றைக்கு எங்கள் தெருவே அதைத்தான் கேட்டது. 2017 ஏப்ரலோடு அந்த வானொலி ஒலிபரப்பை நிறுத்திவிட்டார்கள்.

2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும். டிசம்பர் 2 அன்று ஆங்கில இந்துவின் சென்னைப் பதிப்பே அச்சாகவில்லை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை. எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை, நீங்கள் சொல்கிற டிவி கறுப்புக் கண்ணாடியாக உட்கார்ந்திருந்தது. பரணில் கிடந்த டிரான்சிஸ்டருக்கு, சுவர்க் கடிகாரத்தில் இருந்த செல்லைக் கழற்றிப் போட்டோம். மாடிப்படியில் நாலு குடும்பம் உட்கார்ந்து கேட்டது. எந்தப் பாலம் மூடியிருக்கிறது, எங்கே சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று அதில்தான் தெரிந்தது. அதனால் உங்களுக்கும் சொல்கிறேன், வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கி வையுங்கள். உங்கள் கேபிள் அறுந்தால் உதவும்.

எங்கள் குடும்ப குரூப்பில் சேனல் லோகோவோடு தினமும் நியூஸ் கார்டு வருகிறது. எது நிஜம், எது டூப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது அக்கா?
– குடும்பத்தலைவி, மேடவாக்கம்

இது என் ஏரியா. புரூஃப் ரீடருக்கென்றே கடவுள் அனுப்பிய சமாச்சாரம்.

போன மாதம் என் ஓர்ப்படி அனுப்பிய கார்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பிரபலமான சேனலின் லோகோ, சிவப்புப் பட்டை, கீழே ஒரு தலைவர் சொன்னதாக வாய் கூசும் ஒரு வாக்கியம். பெரிதாக்கிப் பார்த்தேன். தலைவர் பெயர் ஒரு எழுத்துருவில், அவர் சொன்னதாகப் போட்ட வாக்கியம் வேறு எழுத்துருவில். "ழ"வின் வால் ஒன்றில் உருண்டையாக, மற்றதில் வெட்டினது மாதிரி. வரிக்கும் வரிக்கும் நடுவே இடைவெளி சமமாக இல்லை. ஒற்று இருக்க வேண்டிய இரண்டு இடத்தில் ஒற்று இல்லை. பழைய வாக்கியம் இருந்த இடத்தில் ஒரு கட்டம் போட்டு மறைத்திருந்தார்கள், அந்தக் கட்டத்தின் சிவப்பு பக்கத்துச் சிவப்பை விட ஒரு மாற்று வெளிறி இருந்தது. தேதி மட்டும் நிஜம், ஏனென்றால் அன்றைக்கு வந்த வேறொரு கார்டில்தான் இந்த வேலையைச் செய்திருந்தார்கள்.

எல்லாருக்கும் இந்தக் கண் இருக்காது, பரவாயில்லை. சுலபமான வழி, கார்டில் இருக்கிற தேதியைப் பார்த்துவிட்டு அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அன்றைய கார்டுகளைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் பெரும்பாலும் டூப்புதான். தேதியே இல்லாத கார்டு என்றால் தேடுகிற வேலைகூட வேண்டாம், அழித்துவிடலாம். யூடர்ன் மாதிரி தமிழிலேயே சரிபார்த்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அங்கேயும் பார்க்கலாம். ரொம்ப முக்கியம்: படித்ததும் உங்களுக்குச் சுருக்கென்று கோபம் வந்தால் அந்தக் கார்டைக் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். அந்தக் கோபத்துக்காகத்தான் அதைச் செய்திருப்பார்கள்.

ஓர்ப்படியிடம் சொன்னீர்களா என்கிறீர்களா? சொன்னேன். "ஆனாலும் அவர் அப்படிச் சொல்லக்கூடியவர்தானே" என்று பதில் வந்தது.

காலை ஐந்து மணிக்கே எல்லாப் பேப்பரும் பி.டி.எஃப்.பாக வாட்ஸாப்பில் வந்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்குவது வீண்தானே?
– ஐ.டி. ஊழியர், சிறுசேரி

அந்த பி.டி.எஃப்.பை அனுப்புகிறவருக்கு அதை அனுப்ப உரிமை கிடையாது. கொரோனா ஊரடங்கு சமயத்தில் இது பெருகியபோது பத்திரிகைகள் சட்ட நடவடிக்கை எடுப்போம் என்றே எச்சரித்தன. சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பார்ப்போம். நீங்கள் கொடுக்கிற காசு அந்தக் காகிதத்துக்கும் மைக்குமே கட்டாது, மீதியை விளம்பரம்தான் தாங்குகிறது. ஆனால் எத்தனை பிரதி விற்கிறது என்பதை வைத்துத்தான் விளம்பர ரேட். உங்கள் குரூப்பில் இருக்கிற அத்தனை பேரும் அந்த எண்ணிக்கையில் இல்லை. செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் கழற்றிவிடப்படுபவர் எங்கேயோ ஒரு தாலுகா நிருபராக இருப்பார். உங்கள் சொந்த ஊர்ச் செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர்.

காகிதம் வேண்டாமென்றால் அவர்களுடைய இ-பேப்பருக்கே சந்தா கட்டுங்கள்.

உண்மையைச் சொல்லுங்கள். எந்தப் பேப்பர் நடுநிலை?
– டீக்கடைக்காரர், ராயபுரம்

உங்கள் பெஞ்சில் தினமும் உட்காருகிறவர்களைவிட எனக்கு அதிகம் தெரியுமா என்ன?

நான் நடுநிலையைத் தேடிப் போவதில்லை. யாருடைய பேப்பர் என்று தெரிந்துகொண்டு படிப்பேன். நம் ஊரில் இதற்கு வசதி அதிகம். விடுதலை 1935, ஜனசக்தி 1937, முரசொலி 1942, பிறகு மார்க்சிஸ்ட் கட்சியின் தீக்கதிர். இவையெல்லாம் இன்ன கட்சி, இன்ன இயக்கம் என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வந்த பேப்பர்கள். அதில் எனக்குக் குழப்பமே வராது. சங்க அலுவலகத்தில் தீக்கதிர் கிடந்தால் விரும்பிப் படிப்பேன்; துப்புரவுத் தொழிலாளர் சம்பளப் பாக்கி, தறிக்காரர் கூலிப் பேச்சு என்று மற்றவர்கள் ஒரு பத்தியில் முடிப்பதை அவர்கள் விரித்து எழுதுவார்கள். கட்சித் தலைமையைப் பற்றிய விமர்சனத்தை அங்கே தேட மாட்டேன், அதற்கு எதிர்முகாம் பேப்பர் இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், நெற்றியில் எதுவும் எழுதிக்கொள்ளாத பேப்பர்களில்தான். அதற்கு நான் வைத்திருக்கிற அளவுகோல் ஒன்றே ஒன்று, தப்பு செய்தால் திருத்தம் போடுகிறார்களா? ஆங்கில இந்து 2006-ல் இதற்கென்றே ஒரு வாசகர் ஆசிரியரை நியமித்தது. நேற்று இந்தப் பக்கத்தில் இந்தப் பெயர் தப்பு, அந்தத் தொகை தப்பு என்று அவர்களே போட்டுக்கொள்வார்கள். தமிழ்ப் பேப்பர்களில் இது இன்னும் பழகவில்லை என்பது எனக்குப் பெரிய குறை. திருத்தம் போட்டால் மானம் போய்விடும் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. எனக்கு அப்படியில்லை, திருத்தம் போடுகிற பேப்பரில் மற்ற வரிகளை நம்பத் தைரியம் வருகிறது.

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறேன். எந்தப் பேப்பர் படிக்கலாம்?
– போட்டித் தேர்வர், அண்ணாநகர்

தமிழ் ஒன்று, இங்கிலீஷ் ஒன்று. கூடவே அரசு வெளியிடும் தமிழரசு மாத இதழ்; திட்டங்களின் பெயர், ஆண்டு எல்லாம் அதில் சரியாக இருக்கும். வாங்கக் காசில்லையென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூர் கன்னிமாரா, அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலகம், எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். நூலகப் பேப்பரில் மஞ்சள் மார்க்கர் போடாதீர்கள். முக்கியமான பத்தியை பிளேடால் கத்தரித்து எடுத்துப் போகிறவரும் உங்கள் கூட்டத்தில் ஒருவர் இருக்கிறார். அவர் கலெக்டராகிவிடக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் அப்பார்ட்மெண்டுக்கு ஏஜென்ட் பேப்பர் போடுவதை நிறுத்திவிட்டார். பையன் கிடைக்கவில்லையாம். இது ஒரு காரணமா?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், பள்ளிக்கரணை

காரணம்தான் சார். ஒருநாள் விடியற்காலையில் எழுந்து உங்கள் மெயின் ரோட்டு முனைக்கு வந்து பாருங்கள். வேன் வந்து கட்டுகளைத் தள்ளிவிட்டுப் போகும்போது இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். பிளாட்பாரத்தில் சாக்கை விரித்து, கட்டைப் பிரித்து, மெயின் பேப்பரையும் இணைப்பையும் ஒன்றாக்கி, அதற்குள் நகைக்கடை நோட்டீஸைச் செருகி, இந்த லைனுக்கு இத்தனை தந்தி, இத்தனை தினமலர், இத்தனை இந்து என்று எண்ணி அடுக்க வேண்டும். மழை வந்தால் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கடை வாசல் ஓரமாக ஓட வேண்டும். ஆறரைக்குள் முடிக்காவிட்டால் உங்களைப் போன்றவர்களிடமிருந்து போன். மாதக் கடைசியில் பணம் வாங்கப் போனால், "இரண்டு நாள் பேப்பர் வரவில்லை, கழித்துக்கொள்" என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பஞ்சாயத்து.

அதே பையனுக்கு அதே பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்தால் இதைவிட அதிகம் கிடைக்கிறது, தூங்கவும் முடிகிறது. அவன் ஏன் வருவான்?

ஏஜென்டிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு மாடிக்கும் ஏற வேண்டாம், கேட்டில் செக்யூரிட்டியிடம் கட்டாகக் கொடுத்துவிட்டுப் போகட்டும், பணத்தைச் சங்கமே மொத்தமாக வசூலித்து முதல் தேதி அனுப்பிவிடும். எங்கள் உறவினர் குடியிருப்பில் இப்படித்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். அங்கே இப்போது இருக்கிற ஒரே தகராறு, ஐந்தாவது மாடிக்காரர் தினமும் இறங்கி வந்து எல்லாருடைய பேப்பரையும் ஓசியில் படித்துவிட்டு மடித்து வைக்கிறார் என்பதுதான்.

என் கணவர் பேப்பர் வந்ததும் மரண அறிவிப்புப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறார். பயமாக இருக்கிறது.
– வாசகி, நங்கநல்லூர்

அறுபது தாண்டிய மெட்ராஸ்காரர்கள் பாதிப் பேர் அப்படித்தான். கூடப் படித்தவர், கூட வேலை பார்த்தவர் யாராவது இருக்கிறாரா என்று பார்க்கிறார். காபியோடு கொடுங்கள், பயப்பட ஒன்றுமில்லை.

பழைய பேப்பரை என்ன செய்கிறீர்கள்?
– பிளஸ் டூ மாணவன், வியாசர்பாடி

கிலோக் கணக்கில் போடுவதுதான். உனக்குத் தெரியுமா, பழைய பேப்பர் கடையில் இங்கிலீஷ் பேப்பருக்கு ஒரு விலை, தமிழ்ப் பேப்பருக்கு அதைவிடக் குறைந்த விலை. காகிதத் தரம் என்று காரணம் சொல்வார்கள். எனக்கு இது இன்னும் ஆறவில்லை. நான் இரண்டையும் கலந்து கட்டித்தான் கொண்டுபோவேன், கடைக்காரர் பிரித்துத்தான் எடை போடுவார்.

பஜ்ஜி எண்ணெய் ஒற்றி எடுக்க மட்டும் பயன்படுத்தாதே. அச்சு மை உணவில் ஒட்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்திருக்கிறது. மையோடு ஆயுசு முழுக்கப் புழங்கிய நான் சொன்னாலும் எங்கள் தெரு பஜ்ஜிக் கடைக்காரர் கேட்கவில்லை. தந்திதான் நன்றாக உறிஞ்சுமாம்.

பேப்பரில் நீங்கள் படிக்கவே படிக்காத பகுதி எது?
– தையல்காரர், சைதாப்பேட்டை

ராசிபலன். ஆனால் வீட்டில் இரண்டு பேப்பர் வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். என் மாமியாருக்குக் கடக ராசி. ஒன்றில் "வீண் செலவு" என்று போட்டிருந்தால் அதை மடித்து வைத்துவிட்டு, "எதிர்பாராத தனவரவு" என்று போட்ட இன்னொன்றை எடுத்துக்கொள்வார். இரண்டிலும் வீண் செலவு என்று வந்த அன்று, பக்கத்து வீட்டுக்குப் போய் தினமலர் கேட்டு வாங்கி வந்தார்.